உட்கார்ந்து கூடை பின்னினால் வாட்ச் ஏன் ஸ்டெப்ஸ் எண்ணுகிறது?

கைவேலை செய்கிறவர்கள் கையிலும் இப்போது ஸ்மார்ட்வாட்ச் ஏறிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை வாங்கித் தந்ததோ, டாக்டர் நடக்கச் சொன்னதால் தானே வாங்கியதோ, காலையில் கட்டினால் ராத்திரி சார்ஜ் போடும்வரை அது கையில்தான் கிடக்கிறது. அப்படிக் கட்டியிருக்கும் பலர் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்து ஒயர் கூடை பின்னுகிறோம், பூ கட்டுகிறோம், ஸ்வெட்டர் போடுகிறோம். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. ஆனால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டெப்ஸ் கணக்கு நூற்றுக்கணக்கில் கூடியிருக்கிறது.

வாட்ச் கெட்டுப்போய்விட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். விலை அதிகமான வாட்சிலும் இது நடக்கும், அளவு வேண்டுமானால் குறையும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எந்த வேலையில் எண்ணிக்கை ஏறும், எதில் ஏறாது என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அதைவிட முக்கியமாக, எந்த இடத்தில் அந்த எண்ணை நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆட்களுக்கு இது ஏன் கட்டாயம் தெரிய வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வாட்சுக்குக் கால் தெரியாது

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். வாட்சில் காலைப் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. தரை, பாதம், முழங்கால் எதுவும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் அது கட்டியிருக்கும் மணிக்கட்டு எப்படி அசைகிறது என்பது மட்டும்தான்.

அந்த அசைவை உணர்வது ஆக்சிலரோமீட்டர் என்ற சென்சார். தமிழில் முடுக்கமானி என்பார்கள். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிப்புக்குள், சிலிக்கானில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடை, அதே சிலிக்கானால் ஆன மெல்லிய வில்களில் தொங்கிக்கொண்டிருக்கும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி போய்ப் பாருங்கள். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாய்கிறது, வண்டி கிளம்பினால் பின்னால் சாய்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பஸ் என்ன செய்கிறது என்று அந்தச் சாய்விலிருந்தே தெரிந்துவிடும். சிப்புக்குள் தொங்கும் எடையும் இப்படித்தான் சாய்கிறது. கை ஒரு பக்கம் வேகமெடுத்தால் அது எதிர்ப்பக்கம் நகரும். எடையோடு சேர்ந்த நுண்தகடுகளுக்கும் பக்கத்தில் அசையாமல் நிற்கும் தகடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் அங்கே தேங்கும் மின்னூட்டத்தின் அளவும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் சிப் எண்ணாகப் படிக்கிறது.

மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் என மூன்று திசைகளில் இந்த அளவீடு நடக்கும். விநாடிக்கு ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, பெரும்பாலான வாட்சுகளில் விநாடிக்குப் பல பத்து தடவை. கையை மேசைமேல் அசையாமல் வைத்திருந்தாலும் புவியீர்ப்பு அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். கை எந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு குழம்பாமல் இருக்க, மூன்று திசை எண்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

ஆக, வாட்சுக்குக் கிடைப்பது ஏறி இறங்கும் ஒரு கோடு. அதிலிருந்து 'இது நடை, இது நடை இல்லை' என்று பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை. கோளாறு பிறக்கும் இடமும் அதுதான்.

நடை என்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது

சாதாரணமாக நடக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வைப்பார். ஏறத்தாழ விநாடிக்கு இரண்டு அடி. ஒவ்வொரு தடவை குதிகால் தரையில் ஊன்றும்போதும் ஒரு சின்ன அதிர்வு கால் வழியாக, இடுப்பு, தோள் வழியாக மணிக்கட்டுவரை வந்து சேரும். வாட்சின் கோட்டில் அது ஒரு மேடாகத் தெரியும். விநாடிக்கு இரண்டு அடி என்றால் விநாடிக்கு இரண்டு மேடு.

இதோடு கைவீச்சும் சேர்ந்துகொள்கிறது. நடக்கும்போது ஒரு கை முன்னால் போய்ப் பின்னால் வந்து ஒரு சுற்று முடிப்பதற்குள் நாம் இரண்டு அடி வைத்திருப்போம். ஆகவே மணிக்கட்டில் இரண்டு தாளங்கள் ஒன்றாக ஓடுகின்றன. விநாடிக்கு இரண்டு என்ற அடியின் தாளம், விநாடிக்கு ஒன்று என்ற கைவீச்சின் தாளம். கையில் கட்டும் கருவிக்கு இந்த இரண்டுமே துப்பு. கைவேலை அதை ஏமாற்றுவதும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான்.

எல்லா அசைவையும் எண்ணிவிட்டால் தலை சொறிந்தால்கூட அடியாகிவிடும். அதனால் வடிகட்டிகள் வைத்திருக்கிறார்கள். மேடு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருந்தால் தள்ளிவிடும். அடுத்த மேடு ரொம்பச் சீக்கிரம் வந்தாலும், ரொம்பத் தாமதமாக வந்தாலும் கணக்கில் சேராது. மனிதர் நடக்கக்கூடிய தாளத்துக்குள் வந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும்.

அடுத்த கட்டம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. தாளம் பொருந்தினாலும் பல கருவிகள் உடனே எண்ணத் தொடங்குவதில்லை. பத்துப் பக்கமாகத் தொடர்ந்து ஒரே சீராக மேடுகள் வந்தால்தான் 'சரி, ஆள் நடக்கிறார்' என்று முடிவு செய்து, அதுவரை நிறுத்தி வைத்திருந்ததையும் மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளும். சமையலறையிலிருந்து கூடத்துக்கு நாலு எட்டு வைத்து வந்தால் கணக்கில் சேராமல் போவதும் இதனால்தான். பேசும்போது கையை ஆட்டுவது, காபியைத் தூக்கிக் குடிப்பது, கதவைத் திறப்பது என்று ஒன்றிரண்டு தடவை நடக்கும் அசைவுகளைத் தடுக்க இது அருமையான ஏற்பாடு.

ஆனால் கைவேலை என்பது என்ன? ஒரே அசைவை, ஒரே வேகத்தில், நூற்றுக்கணக்கான தடவை விடாமல் செய்வது. எவ்வளவு கைப்பழக்கம் உள்ளவரோ அவ்வளவு சீராக இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவே யோசிப்பார், அவிழ்ப்பார், மறுபடி போடுவார். அவருடைய அசைவு வடிகட்டியில் விழுந்துவிடும். தேர்ந்த கை நிற்காது. அதனால்தான் பல வருஷம் வேலை செய்து பழகியவரின் மணிக்கட்டில் வாட்ச் அதிகமாக ஏமாறுகிறது. தவறான அசைவைத் தடுக்க வைத்த வாசல், நல்ல கைவேலைக்காரரைத் தாராளமாக உள்ளே விட்டுவிடுகிறது.

எந்த வேலை எண்ணப்படும், எது எண்ணப்படாது

திருப்பாப்புலியூரில் என் சித்தி ஒயர் கூடை பின்னுவார். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு எல்லாம் அத்துப்படி. வாட்ச் கட்டிய புதிதில் ஒரு நாள் கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்தா பாரு, உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரலை, ஆனா இது பாட்டுக்கு ஏறிட்டே போவுது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் கண்ணுக்கு முன்னால் விளங்கியது.

கூடையின் அடிப்பாகம் போடும்போது ஒயர் முழு நீளத்தில் இருக்கிறது. ஒயரை மடித்து, வளையத்துக்குள் நுனியை விட்டு, இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் வராது. கை மடியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு, திரும்பி வந்து பிடித்து, மறுபடி நீளும். கடைசியில் முடிச்சு இறுக ஒரு வெட்டு இழுப்பு. இந்த நீண்ட இழுப்புகள்தான் வாட்சுக்குக் கைவீச்சாகத் தெரிகின்றன. கூடை உயர உயரக் கையிலிருக்கும் ஒயர் குட்டையாகிக்கொண்டே வரும். இழுப்பும் குறையும். மேல் வரிசைகளுக்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட விரல் வேலைதான், மணிக்கட்டு அதிகம் நகர்வதில்லை. அதே கூடை, அதே கை, அதே வாட்ச். ஆனால் அடிப்பாகத்தில் ஏறும் எண்ணிக்கை வாய்ப்பகுதியில் ஏறாது.

இதிலிருந்தே பொதுவான விடை கிடைத்துவிடுகிறது. மணிக்கட்டு நகரும் தூரம், அது திரும்பத் திரும்ப வரும் வேகம், விடாமல் தொடரும் நேரம் ஆகிய மூன்றும் நடைக்குப் பக்கத்தில் வந்தால் எண்ணப்படும். ஒன்று குறைந்தாலும் வாட்ச் பேசாமல் இருந்துவிடும்.

பூ கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை பூவையும் நாரையும் பிடித்திருக்கும். வலது கை நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, இழுத்துவிடும். வேகமாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கண்ணி கிட்டத்தட்ட ஒரு விநாடியில் முடிந்துவிடும். அதாவது கைவீச்சின் தாளம். வாட்ச் வலது கையில் இருந்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். இடது கையில் இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும், அந்தக் கைக்குப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேலையில்லை.

குரோஷா போடுகிறவர்களுக்கும் இப்படித்தான். ஊசி பிடித்த கை விடாமல் சுழலும், நூல் சுற்றிய கை அவ்வளவாக அசையாது. ஸ்வெட்டர் பின்னுவதில் நூலை எந்தக் கையில் பிடித்துப் பழகினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு கண்ணிக்கும் வலது கையால் நூலைத் தூக்கி ஊசியைச் சுற்றிப் போடுகிறவர்களுக்கு அசைவு பெரிது. இடது விரலில் நூலை வைத்து ஊசியால் கொத்தி எடுக்கிறவர்களுக்குச் சிறிது.

புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் வீதியில் இருக்கும் குளூனி கன்னியர்களின் எம்பிராய்டரி நிலையத்தில் பெண்கள் கையாலேயே பூவேலை செய்கிறார்கள். இந்த வகைக் கைத்தையல் மேலோட்டமாகப் பார்த்தால் வாட்சை நன்றாக ஏமாற்றும் போலத் தோன்றும். ஊசியைக் குத்தி நூலை இழுக்கும்போது கை தோள்வரை போகிறதே. ஆனால் ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சில விநாடிகள் ஓடிவிடும். துணியில் இடம் பார்க்க வேண்டும், இழை பார்க்க வேண்டும். அவ்வளவு மெதுவாக எந்த மனிதரும் நடப்பதில்லை என்று மென்பொருள் அதைத் தள்ளிவிடும். ஆரி வேலை இதற்கு நேரெதிர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் ஊசி டக்கு டக்கென்று வேகமாக இறங்கி ஏறும். தாளம் பொருந்தும். ஆனால் அசைவு ரொம்பச் சின்னது. உணர்திறன் அதிகமுள்ள கருவி சிலவற்றை எண்ணும், மற்றவை எண்ணாது.

புவிசார் குறியீடு பெற்ற புதுச்சேரிக் கைவேலைகள் இரண்டும் இந்த விஷயத்தில் இரண்டு துருவம். வில்லியனூர் சுடுமண் வேலையில் மண்ணைப் பிசையும் கட்டம் இருக்கிறதே, அதில் முழு உடம்பும் முன்னும் பின்னும் ஆடும். தோள், கை, இடுப்பு எல்லாம் ஒரே தாளத்தில் போகும். மண் அப்பிய கையில் யாரும் வாட்ச் கட்ட மாட்டார்கள், கட்டினால் எண்ணிக்கை எகிறும். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளுக்குத் தூரிகையால் கண்ணும் புருவமும் எழுதுகிறபோது கை மூச்சுவிடவே யோசிக்கும். வாட்ச் அவர் தூங்குகிறார் என்று நினைத்தாலும் வியப்பில்லை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டையைக் கட்டையால் தட்டி உடைப்பதும் சீரான வேலைதான். ஆனால் அங்கே அதிர்வு ரொம்பக் கூர்மையாக விழும். நடையில் வரும் மேட்டைவிட அது மிகவும் செங்குத்து. அதை வைத்தே சில கருவிகள் ஒதுக்கிவிடும், சில ஒதுக்காது. கொட்டையின் எண்ணெய் பட்டால் தோலே வெந்துபோகும் என்பதால் வேலை நேரத்தில் கழற்றி வைப்பதே நல்லது. தேங்காய் துருவுவது, மாவு பிசைவது, சலிப்பது, துணி துவைப்பது எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன அதே கணக்குதான். பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணாமல் விட்டதும் உண்டு

கை அசைந்தால் கால் நடந்ததாக நினைக்கும் கருவி, கை அசையாவிட்டால் கால் நிற்பதாக நினைக்கும். தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தெருத்தெருவாகப் போகிற காய்கறிக்காரருக்கு உண்மையில் நடந்ததைவிடக் குறைவாகக் காட்டலாம். இடுப்பில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தாய்க்கும், குடத்தை அணைத்துப் பிடித்துத் தண்ணீர் கொண்டு வருகிறவருக்கும் அப்படித்தான். வாக்கரைப் பிடித்து மெல்ல நடக்கும் முதியவர்களுக்கு இந்தக் குறை இன்னும் அதிகம். கையும் அசையாது, அடியும் மென்மையாக விழும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நீர்க்கரையை ஒட்டிய கெட்டி மணலைவிட்டு மேலே உதிரி மணலில் நடந்தால், குதிகாலின் அதிர்வை மணலே வாங்கிக்கொள்வதால் கொஞ்சம் விட்டுப்போகலாம்.

உட்கார்ந்து பூ கட்டுகிறவருக்குக் கூட்டிக் கொடுத்துவிட்டு, வெயிலில் வண்டி தள்ளுகிறவருக்குக் குறைத்துக் கொடுக்கிறது என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். இந்தக் கருவிகளை வடிவமைக்கும்போது கையை வீசிக்கொண்டு பூங்காவில் நடப்பவரின் நடையைத்தான் முதல் மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். கையால் பிழைக்கிறவர்களின் நாள் அதில் சரியாகப் பதிவதில்லை.

பழைய பெடோமீட்டரில் கைவேலைத் தொல்லை கிடையாது. அதை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். உள்ளே வில்லில் தொங்கும் ஒரு சின்னக் கம்பி, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஏறி இறங்குவதில் ஆடி எண்ணும். உட்கார்ந்து என்ன பின்னினாலும் இடுப்பு ஏறி இறங்காது. இதயத்துடிப்பு பார்க்கலாம், தூக்கம் பார்க்கலாம், அழைப்பு வந்தால் தெரியும் என்று கருவி மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது. உடம்பிலேயே ஓயாமல் வேலை செய்யும் இடத்துக்கு நடையை எண்ணும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம்.

கொஞ்சம் கூடினால் என்ன குறைந்துவிடும்?

பலர் இப்படித்தான் கேட்பார்கள். நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கில் நூறு இருநூறு முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகிவிடாதுதான். அந்த 10,000-மே மருத்துவ ஆய்விலிருந்து வந்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருஷம், 1965-ல், ஜப்பானின் யமாசா நிறுவனம் மான்போ-கெய் என்ற பெடோமீட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் விளம்பரத்தோடு பரவிய இலக்கு அது.

ஆனால் குறைவாக நடக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் சின்னது இல்லை. 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பின்தொடர்ந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500 பக்கம் போனபின் கூடுதல் பலன் தெரியவில்லை. அதாவது பலன் அதிகமாகக் கிடைக்கும் இடம் கீழ்ப்பகுதிதான். அந்த ஆய்வில் கருவியைக் கட்டியது இடுப்பில் என்பதையும் கவனியுங்கள். ஒருவர் உண்மையில் 2,700 நடந்திருக்க, கூடை பின்னியதில் மணிக்கட்டு வாட்ச் 4,400 என்று காட்டினால், நல்ல நிலைமைக்கு வந்துவிட்டோம் என்று அவர் தவறாக நினைத்துவிடுவார்.

இப்போது எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. சர்க்கரை நோய் அதிகமுள்ள இடங்களில் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம். புதுச்சேரி 26.3 சதவீதத்தோடு அடுத்த இடம். பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். இங்கே 'தினம் நடங்க' என்று டாக்டர் சொல்லாத வீடு குறைவு. அந்த வீடுகளில் வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் இன்றைக்கு நடை போதுமா, போதாதா என்று முடிவாகிறது.

உடம்பு செலவழிக்கும் சக்தியிலும் வித்தியாசம் பெரிது. சும்மா உட்கார்ந்திருப்பதை 1 என்று வைத்தால், உட்கார்ந்து பின்னுவதும் தைப்பதும் ஒன்றரைக்குள்தான். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது மூன்றுக்கு மேல். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் 200 கலோரி பக்கம் செலவாகும், பின்னினால் 90-ஐத் தாண்டுவது கஷ்டம். வாட்சின் செயலியோ பொய் அடிகளை வைத்தே தூரத்தையும் கலோரியையும் கணக்குப் போட்டுவிடும். உயரத்தை வைத்து ஒரு அடியின் நீளத்தை ஊகித்து, அடிகளோடு பெருக்கினால் தூரம். அதனால் பாயில் உட்கார்ந்தவர் அரைக் கிலோமீட்டர் போய்வந்ததாகவும் காட்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பல வாட்சுகளில் 'ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்' என்று நினைவூட்டும் வசதி இருக்கிறது. ஃபிட்பிட் பட்டைகளில் மணிக்கு 250 அடி என்பது அளவு. அதற்குக் குறைந்தால் அதிர்ந்து எழுப்பும். கூடையின் அடிப்பாகம் போட்டுக்கொண்டிருக்கும்போது இந்த 250 பொய்யாகவே நிறைந்துவிட்டால், நினைவூட்டல் வராது. குனிந்த கழுத்தோடு, மடக்கிய காலோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வேலை இது. எழுந்து நில் என்று யாராவது சொல்ல வேண்டியது இவர்களிடம்தான். சரியாக அந்த நேரத்தில் வாட்ச் மௌனமாக இருந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்

முதலில் உங்கள் வாட்சைச் சோதித்துப் பாருங்கள். புதுச்சேரியில் இருந்தால் சாயங்காலம் வண்டிகளை நிறுத்தியபிறகு பீச் ரோட்டுக்குப் போங்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று வாட்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையை இயல்பாக வீசியபடி மனதுக்குள் எண்ணிக்கொண்டே 200 அடி நடங்கள். நின்று, ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். எண் உடனே ஏறாமல் கொஞ்சம் தாமதமாகவும் ஏறும். சில அடிகள் முன்னே பின்னே இருந்தால் நடையை வாட்ச் சரியாகத்தான் எண்ணுகிறது. மறுநாள் வழக்கமான கைவேலையில் உட்காரும்போது ஒரு எண்ணும், கால் மணி நேரம் கழித்து இன்னொரு எண்ணும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வேலை, உங்கள் கை, உங்கள் வாட்ச் மூன்றும் சேர்ந்து தரும் பிழை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது வேறாக இருக்கும்.

பிழை அதிகம் என்றால் வாட்சைக் கை மாற்றிக் கட்டுங்கள். பூ கட்டுவதிலும் குரோஷாவிலும் இதுவே பாதிக்கு மேல் சரியாக்கிவிடும். ஒயர் கூடையில் இரண்டு கையும் இழுப்பதால் அவ்வளவு பலன் இருக்காது. கை மாற்றினால் செயலியின் அமைப்புகளிலும் மாற்றிவிடுங்கள். சில கருவிகளில் அதிகம் புழங்கும் கையில் கட்டியிருப்பதாகக் குறிப்பிட்டால், அசைவை எண்ணுவதில் கொஞ்சம் கண்டிப்பு காட்டும்.

டாக்டர் சொன்ன நடை எவ்வளவு ஆனது என்று தெரிய வேண்டுமானால் நாள் மொத்த எண்ணை விட்டுவிடுங்கள். நடக்கக் கிளம்பும்போது வாட்சில் நடைப்பயிற்சி என்பதைத் தொட்டுத் தொடங்கி, முடிந்ததும் நிறுத்துங்கள். ஜிபிஎஸ் உள்ள வாட்சோ, கூடவே போனோ இருந்தால் தூரம் செயற்கைக்கோள் வழியாக வரும், கை அசைவுக்கு அதில் இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வதும் நிமிடக் கணக்குதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், ஓரளவு மூச்சு வாங்கும் வேகத்தில். அடிக் கணக்கைவிட இந்த நிமிடக் கணக்கு நம் ஆட்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. தள்ளுவண்டிக்காரருக்கும் இது நியாயமாக அமையும்.

சந்தேகம் வந்தால் இதயத்துடிப்பு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வாட்சின் அடிப்பக்கம் பச்சை ஒளி மின்னுகிறதே, அது தோலுக்கடியில் ரத்தம் துடிப்பதைப் பார்க்கிறது. அசைவு அதையும் கொஞ்சம் குழப்பும், ஆனால் நடையில் துடிப்பு ஏறி நிற்பதும் பின்னலில் ஏறாமல் இருப்பதும் தெளிவாகவே தெரியும். அடி ஏறிய நேரத்தில் துடிப்பு ஏறவில்லை என்றால் அது கைவேலை.

சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ போனை வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் போனின் எண்ணிக்கையையும் பார்க்கலாம். பெரும்பாலான போன்களிலும் அதே ஆக்சிலரோமீட்டர் இருக்கிறது. கைவேலை செய்யும்போது போன் பக்கத்தில் பாயில் கிடக்கும் என்பதால் அது ஏமாறாது. புடவை கட்டுகிற நம் பெண்களுக்குப் பை இல்லாததால் இந்த வழி எளிதாக அமைவதில்லை. இடுப்பில் செருகும் சின்ன க்ளிப் வகைக் கருவிகள் இன்னும் கிடைக்கின்றன, அவர்களுக்கு அவை உதவும்.

கைவேலையில் உட்காரும் நேரத்துக்கு மட்டும், எழுந்திருக்கச் சொல்லும் பொறுப்பை வாட்சிடமிருந்து எடுத்துவிடுங்கள். போனில் முக்கால் மணிக்கு ஒருமுறை அலாரம் வையுங்கள், போனைக் கைக்கெட்டாத இடத்தில், எழுந்து போய் அணைக்க வேண்டிய தூரத்தில் வையுங்கள். திருப்பாப்புலியூர் வீட்டில் இப்போது அது ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கிறது.